வளையத்தில் பிழை

ஒஸ்லோவின் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயில் பதினெட்டு நிமிடம் பிந்தி வந்த ஒரு காலையில்தான் அவரை முதன்முதலாகக் கவனித்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற நோர்வேஜிய மூதாட்டி ஒருத்தி, இப்படியும் ஒரு ரயில் உண்டா என்று பொதுவாகச் சலித்துக்கொண்டாள். நீல வேலை உடுப்போடு நின்ற ஒரு தமிழர் அவளைத் திரும்பிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, "மன்னிக்க வேண்டும்" என்றார். அவள் அவரை ரயில் பகுதி ஆள் என்று எண்ணிவிட்டாள். போன கிழமை பிந்தியதையும் அதற்கு முந்திய கிழமை பிந்தியதையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், இனி அப்படி நடக்காது என்று வாக்கும் கொடுத்தார்.

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோடு பழகப் பழகச் சிரிப்புக் குறைந்து குழப்பம் கூடியது. ஊரில் நடக்கும் பிழையெல்லாம் தன்னுடையது என்று சொல்லும் மனிதரை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? நல்லவர் என்றா, நடிப்பவர் என்றா, தலை கழன்றவர் என்றா? நான் மூன்றையும் மாறி மாறி நினைத்திருக்கிறேன்.

ஹொல்ம்லியாவில் எங்கள் வாசலுக்கு இரண்டு வாசல் தள்ளி அவருடைய குடும்பம் இருந்தது. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் பல வருடம் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் வாகனத் தரிப்பிடத்தில் யாருடையதோ ஒரு பழைய காருக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் சனத்தில் அப்போது புதுக் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மிச்சப் பேரிடம் இருந்ததெல்லாம் நோர்வேஜியர்கள் ஓடி அலுத்துப்போய்க் கைவிட்டவை. அவை கோடையில் ஓடும். குளிர் வந்தால் காலையில் இருமும், பிறகு அதுவும் இல்லை.

அதற்கு மருந்து மோட்டர் வார்மர். எஞ்சினுக்குள் பூட்டுகிற சின்ன மின்சூடாக்கி. அதன் வயர் காரின் முன் முகத்தில் வந்து தொங்கும். இரவு அதைத் தரிப்பிடத்துத் தூணில் உள்ள மின்செருகியில் கொழுவிவிட்டால், குறித்த நேரத்தில் சூடாகி, காலையில் எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடிக்கும். பாட்ஸ்பியோர்ட்டில் தொழிற்சாலைச் சுவரோரம் கார்களை எல்லாம் மாட்டைக் கட்டுவதுபோல வயரில் கட்டி வைப்பார்கள் என்று அவர் சொல்வார். அந்த வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார். கூலி வாங்கமாட்டார். நண்டுக் கறி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் குறை சொல்லவேண்டும் என்று அவருக்கே ஆசை இருந்ததுபோலத் தெரியும். ஒருவருடைய பற்றரி ஆறு வருடம் பழசாகிச் செத்துப்போனதற்கு, "நான் போன மாதம் கண்டிருக்க வேணும், என்ரை பிழை" என்றார். இன்னொருவரின் மகள் சாரதிப் பரீட்சையில் தவறியதற்கு, கார் தரிக்கப் பழக்கியது தான்தான் என்றார். அவர் பழக்கியது ஒரே ஒரு நாள். தமிழ்ப் பாடசாலை விழாவில் ஒலிபெருக்கி கரகரத்தபோது, மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தவர் எழும்பி, தான் வரும்போது வயரை மிதித்திருக்கலாம் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். வயர் மேடைக்குப் பின்னால் இருந்தது.

சனம் சும்மா இருக்குமா? எங்கள் மாடித்தொடரில் அது ஒரு பேச்சாகிவிட்டது. சோறு குழைந்தால், கடிதம் தொலைந்தால், மழை பெய்தால், "அவரிலை போடுங்கோ" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அவர் கேட்டால் என்ன நினைப்பார் என்று எண்ணியதில்லை, ஏனென்றால் ஓம் என்றுதான் சொல்வார்.

ஏன் இப்படி என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் ஒருமுறை என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாட்ஸ்பியோர்ட்டில ஒருத்தற்ரை விரல் மெசினுக்குள்ள போனது, தங்கச்சி. ஆற்றை பிழை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லையாம். அண்டையிலயிருந்து உவர் இப்பிடி."

அதே தொழிற்சாலையில் அதே காலத்தில் வேலை செய்த இன்னொருவரிடம் இதைக் கேட்டேன். அவர் கையை உதறினார்.

"சும்மா கதை. உவர் வரேக்கையே இப்பிடித்தான் வந்தவர். பிளேனில பக்கத்தில இருந்த ஆள் சத்தி எடுத்ததுக்கும் உவர்தான் மன்னிப்புக் கேட்டவர். நான் முன் சீற்றில இருந்தனான்."

அவருடைய மனைவியிடம் கேட்டபோது குழப்பம் இன்னும் கூடியது. அவ வாய்விட்டுச் சிரித்தா.

"வெளியிலதான் உந்தக் கூத்து. வீட்டில ஒரு பீங்கான் உடைஞ்சால் ஆர் உடைச்சது, எப்பிடி உடைச்சது எண்டு ஒரு கிழமைக்கு விசாரணை நடக்கும். இருவது வருசத்தில ஒருநாள், ஒரேயொருநாள், 'நான்தான்' எண்டு எனக்கு முன்னால சொன்னதில்லை. அவர் உடைச்ச பீங்கானுக்கும் நான் வைச்ச இடம் பிழையாம்."

இதற்குப் பிறகு நான் அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது?

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் பகுதியில் மூன்று வருடமாகத் தற்காலிக ஆளாக நின்றேன். காலையில் தொலைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் இல்லை. நிரந்தர இடம் ஒன்று வரப்போவதாகவும், என்னையும் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்கள். என் கணவருக்கு முதுகு முறிகிற சமையலறை வேலை, அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. எங்களுக்கு அந்த இடம் வேண்டும். ஆனால் அதற்கு முந்திய குளிர்காலத்தில் என் கார் இரண்டு நாள் என்னைக் கைவிட்டிருந்தது. காலை ஏழேகாலுக்கு ஹவுகெட்டோவில் ஒரு முதியவரைக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்த வேண்டும். நான் போகாவிட்டால் அவர் ஈரத்தோடு கிடப்பார். இரண்டாம் முறை பிந்தியபோது எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத நோர்வேஜியப் பெண். "மூன்றாவது முறை நடந்தால் உன் பெயரை மேலே அனுப்ப எனக்குக் கஷ்டமாக இருக்கும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதனால் அடுத்த ஐப்பசியில் அவரைப் பிடித்தேன். என்னுடையது எண்பத்தேழாம் ஆண்டுச் சிவப்புக் கார். கதவுக்குக் கீழே துரு தின்றிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே வந்து அடியில் பாயை விரித்துவிட்டார். என் கணவர் சன்னலால் எட்டிப் பார்த்து, ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம், அதற்குள் எஞ்சினைத் திறக்கக் கூடாது என்று மறித்தார். ஒஸ்லோவில் சூரியன் எழும்புகிற நேரத்துக்கும் அந்தக் கணக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. அவர் எழும்பி நின்று, "என்ரை பிழை, நான் முந்தி வந்திட்டன்" என்றார். ஒன்றரை மணித்தியாலம் குளிருக்குள் சிகரட்டும் இல்லாமல் நின்றார். வீட்டுக்குள் வரச் சொன்னால் சப்பாத்து ஊத்தை என்றார். பத்தரைக்கு என் கணவர் எலுமிச்சம்பழத்தோடும் விபூதியோடும் இறங்கினார்.

பிறகு வேலை நடந்தது. நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினில் ஓடும் பச்சைத் திரவத்தை வாளிக்குள் இறக்கினார். எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் வட்ட மூடிகளில் ஒன்றை உளியால் ஒரு தட்டுத் தட்டிச் சரித்து, குறட்டால் கழற்றினார். அந்த ஓட்டையின் விளிம்பை அரத்தாளால் நெடுநேரம் தேய்த்தார். சூடாக்கி பார்ப்பதற்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைக்கிற சுருள் மாதிரித்தான் இருந்தது. அதற்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வளையத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசி, உள்ளே வைத்து இறுக்கினார். பிறகு உறையாத் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினார். ஒரு சின்னக் குழாயால் உறிஞ்சி என்னிடம் காட்டினார். மைனஸ் முப்பதுக்கும் உறையாது என்று முள் சொன்னது.

"குறைஞ்சால் என்னைக் கூப்பிடுங்கோ, தங்கச்சி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். இதைவிட வேறேதும் சொன்னாரா என்று பின்னர் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சொன்னதுபோல இருக்கும், மறுநாள் சொல்லாததுபோல இருக்கும்.

கார்த்திகை மாதம் அந்தத் திரவம் குறைந்தது. புதிதாக நிரப்பினால் உள்ளே நின்ற காற்று வெளியேற, மட்டம் கொஞ்சம் இறங்குவது வழக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்றால், கூப்பிட்டால் வருவார், வந்தால் என்ரை பிழை என்பார், அதை அரைமணித்தியாலம் சொல்வார். வேலையால் களைத்து வந்து அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்பா ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தன் பழைய ஒஸ்ரின் காரின் மூக்கைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் விடுவார். காருக்குத் தண்ணீர் விடுவது எங்களுக்குப் பல் தீட்டுவதுபோல. நான் நீல ஜக்கில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டுபோய் விட்டேன். மார்கழிக்குள் நாலைந்து தரம் விட்டிருப்பேன். உள்ளே ஏற்கெனவே உறையாத மருந்து இருக்கிறதே, அது இதையும் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினேன்.

தையில் ஒருநாள் இரவு மைனஸ் இருபத்திரண்டுக்கு இறங்கியது. வயரைக் கொழுவி, நேரம் குறித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலை ஆறரைக்குக் கீழே போனால் கார் ஒரு கண்ணாடித் தட்டின் மேல் நின்றது. அடியிலிருந்து ஒழுகி, தரையில் பரவி, அப்படியே உறைந்துபோய்க் கிடந்தது. மிக மெல்லிய பச்சை நிறம். எஞ்சின் பக்கத்திலிருந்து வயர் எரிந்த மணம். திறப்பைத் திருப்பினேன். ஒரு முனகலும் இல்லை.

நான் என் கணவரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் இரண்டு வாசல் தள்ளிப் போய் மணி அடித்தார். சாரத்துக்கு மேல் பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரோச் லைட்டோடு அவர் ஓடிவந்தார். சன்னல்களில் வெளிச்சம் வந்தது, மேல்வீட்டுக்காரரும் இறங்கி வந்துவிட்டார்.

"என்னத்தைப் பூட்டினனீங்கள்?" என்று நான் கத்தினேன். "ஊருக்கெல்லாம் பூட்டினனீங்கள், எனக்கு மட்டும் ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? இண்டைக்கு என்ரை வேலை போகப்போகுது, தெரியுமோ? மூண்டு வருசம் மாடு மாதிரி உழைச்சது எல்லாம் போச்சு!"

இன்னும் சொன்னேன். அதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் முழந்தாளில் இருந்து ரோச்சை அடித்து, விரலால் அந்தப் பனிக்கட்டியைத் தொட்டார். எழும்பிக் காரின் முன்மூடியைத் திறந்தார். பற்றரிக்குப் பக்கத்தில் என் நீல ஜக்கு செருகி இருந்தது. அதை எடுத்துப் பின்பெட்டிக்குள் வைத்தார். பிறகு சப்பாத்தால் பக்கத்துப் பனியைத் தள்ளித் தள்ளி, தரையில் கிடந்த அந்தப் பச்சைக் கண்ணாடித் தட்டை மூடினார். யாரும் சறுக்கி விழாமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

"வளையத்தில பிழை, தங்கச்சி," என்றார். "நான்தான் சரியா வைக்கேல்லை. என்ரை பிழை."

"பிழை எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ! அது மட்டுந்தான் உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

மேல்வீட்டுக்காரர் தன் காரில் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஐம்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அந்த முதியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது என்னை இன்றைக்கும் விட்டுப் போகவில்லை.

மறுநாள் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, நடையிலிருந்த கதிரையில் அவர் இருந்தார். கோட்டும் சூட்டும் டையும். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவர் தன் உடைந்த நோர்வேஜிய மொழியில் என்ன உளறி எதைக் கெடுக்கப்போகிறாரோ என்று பயந்தேன். மேலாளர் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர், "நான் என்ரை பிழையைச் சொல்லிப்போட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். மேலாளர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் நிரந்தர இடத்துக்கான கடிதம் வந்தது.

அதற்குள் அவர் எங்கிருந்தோ பழைய ரேடியேட்டர் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, வெடித்து வெளியே தள்ளிய வட்ட மூடிகளுக்குப் புதிது அடித்து, வேறு சூடாக்கி பூட்டி, காரை ஓடவைத்துவிட்டார். வாசலில் திறப்பைத் தந்தபோது, "இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே வந்து மட்டம் பாப்பன்" என்றார். சொன்னபடி வந்தார். நான் ஜக்கைத் தொடவேண்டி வரவில்லை. அன்று காலையில் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழை அவருடையது, அவரே ஒப்புக்கொண்டார், வந்து சொல்லியும் விட்டார், கணக்குச் சரி என்று இருந்துவிட்டேன். நண்டுக் கறி மட்டும் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் காரை விற்பதற்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற நோர்வேஜிய மெக்கானிக் எஞ்சின் பக்கத்து வட்ட மூடிகளைப் பார்த்து, "இது ஒருமுறை உறைந்து வெடித்திருக்கிறதே, யார் தண்ணீர் விட்டது?" என்று கேட்டான்.

"இல்லை, வளையத்தில் பிழை" என்றேன்.

அவன் சிரித்தான். வளையம் பிழைத்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகும், மூடி தெறிக்காது. மூடி தெறிப்பது உள்ளே உறைந்து வீங்கினால் மட்டும்தான். சரியான கலவை என்றால் உறையவே உறையாது என்றான். "காருக்கு அடியில் பனிக்கட்டி கிடந்ததா? கிடந்திருந்தால் அது தண்ணீர்தான்."

நான் அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தது, ஜக்கை எடுத்து ஒளித்தது, சப்பாத்தால் பனியைத் தள்ளி மூடியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நான் அத்தனை பேருக்கு முன்னால் கத்தியதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு வெட்கம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் என்னுடையதை எடுத்துக்கொண்டு போக இவர் யார்? என் வேலை இவர் சொன்ன ஒரு பொய்யின் மேலா நிற்கிறது? அன்றிலிருந்து சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ அரித்தது. என் பிழை எனக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தது.

பரிசோதனை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் நடு அறையில் நாடாவால் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தண்ணி விட்டது நான்" என்றேன்.

"என்ன தண்ணி?"

"கார் வெடிச்சதுக்கு. நான்தான் ஜக்கால விட்டனான். உங்களுக்குத் தெரியும்."

"அது வளையம், தங்கச்சி."

"வளையம் இல்லை! ஐஸ் கிடந்ததை நீங்கள் கண்டனீங்கள். சப்பாத்தால மூடினனீங்கள்."

அவர் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்பிடியெண்டாலும், தண்ணி விடக்கூடாது எண்டு நான் சொல்லேல்லைத்தானே? குறைஞ்சால் கூப்பிடுங்கோ எண்டுதானே சொன்னனான். அப்ப ஆற்றை பிழை?"

ஒருவேளை உண்மையில் அவர் பிழைதானோ? சொல்லாதவர் பிழையா, கேளாதவர் பிழையா? வாசலில் நின்ற அவருடைய மனைவி, "விடு பிள்ளை, உவரோட ஏலாது" என்று சொல்லிவிட்டு, நேற்று உடைந்த ஒரு பீங்கானுக்கு இன்னும் விசாரணை முடியவில்லை என்று சிரித்தா.

"ஏன் அண்ணை, எல்லாத்தையும் நீங்கள் எடுக்கிறியள்?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"ஆராவது எடுக்கத்தானே வேணும். நடுவில கிடந்தால் எல்லாரும் தடக்குப்படுவினம்" என்றார். சொல்லிவிட்டு, என் காலடியில் கிடந்த பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். அவர் பிழையைச் சொன்னாரா, பெட்டியைச் சொன்னாரா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. அடுத்த கிழமை போய்விட்டார்கள்.

இன்னும் நாலு வருடம் போனது. எங்கள் மேலாளர் ஓய்வுபெற்றுப் போகிற நாள். கேக் வெட்டி, கோப்பி குடித்து எல்லாரும் கலைந்த பிறகு, நான் அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இவரும் போய்விட்டால் பிறகு யாரிடம் சொல்வது? "அந்தக் குளிர்காலத்தில் என் கார் நின்றதற்கு அந்த மனிதர் காரணம் இல்லை. நான்தான் தண்ணீர் விட்டேன். அது தெரியாமல் நீங்கள் எனக்கு இந்த இடத்தைத் தந்தீர்கள்" என்றேன்.

அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நான் பிறந்த பள்ளத்தாக்கில் மைனஸ் நாற்பது வரும். மோட்டர் வார்மரோடு வளர்ந்தவள் நான். அந்த மனிதர் வளையம், வளையம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் முதலில் ஒன்றுதான் கேட்டேன். காருக்கு அடியில் பனிக்கட்டி இருந்ததா என்று. ஓம் என்றார். அது போதும் எனக்கு. யார் தண்ணீர் விட்டது என்று கேட்டேன். தான்தான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்."

"பிறகு ஏன் எனக்கு..."

"மூன்று வருடத்தில் உன்னைப் பற்றி ஒரு முதியவரும் என்னிடம் குறை சொல்லவில்லை. அன்று உனக்காகக் காத்துக் கிடந்தவர்கூட, மறுநாள் நீதான் வரவேண்டும் என்று தொலைபேசி எடுத்தார். காருக்குத் தண்ணீர் விட்டதற்காக உன்னை விடுவேனா? தண்ணீர்க் கதையை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டார். அதனால் சொல்லவில்லை."

வீட்டுக்கு வந்து லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் அவருடைய மனைவி போகும்போது எழுதித் தந்தது. நாலு வருடத்தில் ஒருநாளும் எடுத்ததில்லை. மறுமுனையில் அவர்தான் பேசினார். பின்னால் தமிழ்த் தொலைக்காட்சி கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணை, எங்கடை மேலாளர் மனுசி எல்லாம் சொல்லிப்போட்டா. அவவுக்கு அண்டைக்கே தெரியுமாம்."

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"ஓமோ?" என்றார். பிறகு மெல்ல, "ஐஸ் கிடந்ததோ எண்டு அந்த மனுசி கேட்டவ. நானும் யோசிக்காமல் ஓம் எண்டிட்டன். என்ரை பிழைதான், தங்கச்சி" என்றார்.

வழக்கம்போல மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். அவர் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட அத்தனை பிழையிலும் இது ஒன்று உண்மையாகவே அவருடையது.

"ஓம் அண்ணை," என்றேன். "அது உங்கடை பிழைதான். தண்ணி என்ரை."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"சரி," என்றார் கடைசியில், அரைமனதாக. "தண்ணியை நீங்கள் வைச்சிருங்கோ."